உறைந்த கோப்பையின் மேல் ஒரு நாணயம்

நல்லர்பார் பொட்டல்வெளியில் கேரவனை நிறுத்தியதும், டெஸ் முதல் வேலையாக ஃப்ரீசரைத் திறந்தான். கோப்பையில் தண்ணீர் கல்லாக உறைந்திருந்தது. அதன் மேல் இருபது சென்ட் நாணயம்.

“எதுக்கு டெஸ், தினமும் அதையே பாக்குற?” என்றாள் மனைவி நோரீன்.

“சொன்னா மட்டும் உன் மண்டையில ஏறிடுமா? காசு மேலதான் இருக்கணும். அவ்வளவுதான்.”

ஃப்ரீசரில் இருந்த வெந்த இறாலைப் பனி போக்கி, எலுமிச்சை பிழிந்து, இருவரும் வயிறு முட்டத் தின்றார்கள். அடுத்த ஆஸ்பத்திரி நானூறு கிலோமீட்டருக்கு அப்பால். போனில் சிக்னல் இல்லை.

வயிறு நிறைந்ததும் டெஸ்ஸுக்கு மனம் இளகியது.

“சரி, கேட்டுக்கோ. வண்டி ஓடும்போது ஃப்ரிட்ஜ் நின்னுட்டு, திரும்ப ஓடினா நமக்குத் தெரியாது. உருகினதெல்லாம் மறுபடி உறைஞ்சு நல்லது மாதிரியே இருக்கும். ஆனா காசு அடியில முங்கிடும். அப்புறம் உள்ள இருக்குற எதையும் வாயில வைக்கக் கூடாது. விஷம்.”

நோரீன் காலித் தட்டுகளையே பார்த்தாள்.

“காலையில அது அடியிலதான் கெடந்துச்சு, டெஸ். நீ கத்துவியேன்னு, நான்தான் வேற காசு ஒண்ணை மேல வச்சேன்.”