அடைக்கிற நேரம்

சிறை வாசலில் நின்றவர்கள்: ஜெயிலர், இரண்டு வார்டர்கள், சமையல்கட்டில் வேலைபார்க்கும் ஆயுள்கைதி மொக்கைச்சாமி, கழுத்தில் மாலையோடு தலைமை வார்டர் ஞானசிகாமணி. விருப்ப ஓய்வு கேட்டு இருமுறை எழுதிக்கொடுத்து, இருமுறையும் கெஞ்சித் திரும்ப வாங்கியவர். இந்தமுறை கெஞ்சவில்லை.

"வெளிய போயி என்ன செய்வீங்கய்யா?" என்றான் மொக்கைச்சாமி.

"கடற்கரைல உக்காந்து சாயங்காலத்தப் பாக்கணும்டா. இத்தன வருசமா சாயங்காலம்னா உங்கள அடைக்கிற நேரந்தான்."

"எங்க பங்கையும் சேத்துப் பாத்துருங்க."

ஞானசிகாமணி பெரிய கதவிலிருந்த சின்னத் திட்டிவாசலில் குனிந்து வெளியேறினார். பின்னால் கதவு சாத்தப்பட்டு, உள்ளே சாவி திரும்பியது. பூட்டியதும் பூட்டை இருமுறை இழுத்துப் பார்க்க வேண்டும். அங்கே எல்லோருக்கும் அதைப் பழக்கியவர் அவர்தான். இழுக்கும் சத்தம் வரவில்லை. கடற்கரை பஸ் வந்தது, போனது. அவர் கதவைப் பார்த்தே நின்றார்.

உள்ளேயிருந்து மொக்கைச்சாமி கத்தினான்: "பூட்டியாச்சுய்யா, கெளம்புங்க."

உள்ளே பூட்டு இருமுறை இழுபட்டது.