வாசலைத் தாண்டாத பட்டாணி

“உள்ள போயிட்டா அப்பா திரும்பி வரமாட்டாருன்னு பயமாடா செல்லம்?” என்று மழலையர் வகுப்பு டீச்சர் குனிந்து கேட்டாள். எல்லாரும் பட்டாணி என்று கூப்பிடும் அந்த நான்கு வயதுப் பிள்ளை இல்லையென்று தலையாட்டியது. ஆனால் அப்பாவின் சுண்டுவிரலை மட்டும் விடவில்லை. பயந்த பிள்ளை எதுதான் ஆமாம் என்று ஒப்புக்கொண்டிருக்கிறது?

பள்ளியில் சேர்ந்து வாரங்கள் ஓடிவிட்டன. இன்னும் குழந்தை வகுப்பு வாசலைத் தாண்டவில்லை. அம்மா போன வருடம்தான் தவறிப்போனாள். போனவள் போய்விட்டாள், இருக்கிற ஒருத்தரையும் எப்படி விடுவது என்று பிள்ளை தவிக்கிறது என்பது டீச்சரின் கணக்கு. யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

அப்பாவுக்கு பேக்கரியில் நாலைந்து பேரோடு இரவு முழுக்க அடுப்பு வேலை. அந்நேரம் பட்டாணி அத்தை வீட்டில் படுத்துக்கொள்ளும். அங்கே ஒரு சிணுங்கல்கூட இல்லையாம். காலையில் பள்ளியில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போய் அவர் கண்ணை மூடினால்தான் மறுபடி வேலைக்கு நிற்க முடியும். எங்கே மூட? அரை நாள் பள்ளி வாசலிலேயே போய்விடுகிறது. போன வாரம் அடுப்புக்கு முன்னால் கண்ணயர்ந்து கையைச் சுட்டுக்கொண்டிருந்தார்.

பள்ளியின் தலைமை ஆசிரியையைப் பிள்ளைகள் பெரிய மிஸ் என்பார்கள். வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்க்கலாம், அதற்குள் குழந்தை உள்ளே உட்காராவிட்டால் இடத்தை வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிடுவதாக அவர் சொல்லிவிட்டார். சொன்னவர் போய்விட்டார், செய்ய வேண்டியவள் டீச்சர்தானே.

அவளுக்குக் கைபேசியை விட்டால் வேறு கதியில்லை. பிள்ளைகள் தூங்கும் வேளையில் சுவரில் சாய்ந்துகொண்டு இணையத்தில் தேடினாள். ஒரு தளம் பாதிக் கட்டுரையைக் காட்டிவிட்டு மீதிக்குக் காசு கேட்டது. இன்னொன்றில் கசங்காத உடையில் ஒரு அம்மாள் மூன்றே மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு பொறுமையைப் பற்றிப் பாடம் எடுத்தாள். மூன்று பேரை வைத்துக்கொண்டு யாருக்குத்தான் பொறுமை வராது? என் வகுப்பை ஒரு நாள் கொடுத்துப் பார்க்கணும் என்று டீச்சர் முணுமுணுத்தாள்.

தேடித் தேடிக் கண் பூத்தபோது, மழலையர் ஆசிரியர்களே சேர்ந்து நடத்தும் ஒரு தளம் கிடைத்தது. உருப்படியான தளம். அப்பாவை விட்டுப் பிரியப் பயப்படும் குழந்தையை எப்படித் தேற்றுவது என்று படம் போட்டு விளக்கியிருந்தார்கள். அவள் ஒவ்வொன்றாக அப்பாவுக்கு அனுப்பினாள். அவரும் சிவந்த கண்ணோடு எழுத்து விடாமல் படித்துவிட்டு வந்தார்.

அப்பாவின் கைக்குட்டையைக் குழந்தையிடம் கொடுத்துப் பார்த்தார்கள். பட்டாணி அதை மடித்து அவர் சட்டைப் பையிலேயே திருப்பி வைத்தது. கைதட்டி விடைபெறும் பாட்டை அழகாகப் பாடி முடித்தது. பாடிவிட்டு அங்கேயே நின்றது. திரும்பிப் பார்க்காமல் சட்டென்று போய்விடுங்கள் என்று தளம் சொன்னபடி வியாழக்கிழமை அவர் போனார். குழந்தை செருப்பை உதறிவிட்டுத் தெருவரைக்கும் ஓடியது. ஒரு ஆட்டோ கிறீச்சென்று நின்றது. டீச்சர் ஓடிப்போய்ப் பிள்ளையை வாரித் தூக்கிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமையும் வந்தது. பெரிய மிஸ் வாசலுக்கே வந்து, பேசணும் என்று அப்பாவைத் தன் அறைக்கு அழைத்தார். எதற்கு என்று டீச்சருக்குத் தெரியும். அப்பாவுக்கும் தெரிந்திருக்க வேண்டும். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு பின்னால் போனார்.

டீச்சர் படியில் உட்கார்ந்துவிட்டாள். அடுத்ததாக எதைத் தேடுவது என்று தெரியவில்லை. கைபேசியை எடுக்கவும் கை வரவில்லை. நம்மால் ஒரு பிள்ளையை வகுப்புக்குள் கூட்டிப்போக முடியவில்லையே என்று தன்னையே நொந்துகொண்டாள்.

அப்போதுதான் கவனித்தாள். பட்டாணி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது. அப்பா போய் அறைக் கதவும் சாத்தியாகிவிட்டது. குழந்தை ஓடவில்லை, அழவில்லை. காலை ஆட்டிக்கொண்டு, வகுப்பில் பிள்ளைகள் பாடுவதற்கு ஏற்ப வாயசைத்துக்கொண்டிருந்தது.

கூடவே அவளுக்கு ஒன்று உறைத்தது. இத்தனை நாளில் ஊரிலுள்ள அத்தனை பேரையும் இணையத்தில் கேட்டாயிற்று. இந்தப் பிள்ளையிடம்தான் ஒரு வார்த்தை ஒழுங்காகக் கேட்கவில்லை.

“இப்ப மட்டும் அப்பாவ எப்படிடா விட்ட?” என்றாள், அலுப்போடு.

“அங்கதான் பெரிய மிஸ் இருக்காங்களே.”

“அதனால?”

பட்டாணி மூடிய கதவை ஒரு தடவை பார்த்துக்கொண்டது. பிறகு டீச்சரின் காதருகே வந்து, வெளியில் சொல்லக்கூடாத விஷயத்தைச் சொல்வதுபோல் குரலைத் தாழ்த்தியது.

“வீட்டுல தனியா இருந்தா அப்பா அழுவாரு, மிஸ்.”