பின் சீட்டு

காலில் மாவுக்கட்டோடு படுத்திருந்த ஃப்ளையிங் கிளப் விமானி உத்தமனைப் பார்க்க, சாத்துக்குடிப் பையோடு கொரட்டூர் வீட்டுக்கு வந்தார் எத்திராஜ்.

"நான் இன்னிக்கு உசுரோட கீறேன்னா அது சார் போட்ட பிச்சைம்மா. பிளேன் எறங்கச்சொல்லோ சக்கரம் ஒடிஞ்சும் பதறாம நிறுத்திட்டாரே."

"பின் சீட்டுல இருந்தது நீங்கதானா?" உத்தமனின் மனைவி லோகநாயகி காபி நீட்டினாள். "சக்கரத்தை அரைகுறையாப் பூட்டி அனுப்பினானே ஒரு மெக்கானிக், அவன் நல்லா இருப்பானா?"

எத்திராஜ் பாதிக் காபியை வைத்துவிட்டு, உத்தமனைக் கும்பிட்டுக் கிளம்பினார்.

"பாவம், எவனோ செஞ்ச தப்புக்கு இவரும் சாகப் பார்த்தாரு" என்றாள்.

உத்தமன் சாத்துக்குடியை உரித்தான்.

"சக்கரத்தைக் கழட்டிப் பூட்டினவரே முதல் தடவை பறக்கறப்ப பின் சீட்டுல ஏறணும். அது எங்க கிளப் வழக்கம், லோகா."