ஏழாம் படம்

குழந்தைகளின் மூளை ஸ்கேனில் ஞாபகத்துக்கான பகுதியைக் கோடு போட்டு அளப்பது என் வேலை. அளவு பிசகாமல் இருக்கிறதா என்று பார்க்க, அதே இருபது பழைய படங்களை வருடந்தோறும் மறுபடி அளப்போம். பத்தொன்பது அப்படியே வரும். ஏழாம் படம் மட்டும் வருடா வருடம் கொஞ்சம் கூடும்.

"பழைய படம் எப்படிம்மா வளரும்? கண்ணை எங்க வச்சுட்டு அளக்குற?" என்று எல்லோர் முன்னாலும் கத்தினார் மேலதிகாரி.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பக்கத்து மேசை அக்காவை அளக்கச் சொன்னேன். அவளுக்கும் என் எண்ணே வந்தது.

"ரெண்டு பேருக்கும் கை சரியில்ல. அடுத்த வருஷமும் இப்படி வந்தா அந்தப் படத்தையே அழிச்சிடுவேன்" என்றார் மேலதிகாரி.

அந்தக் கோபத்தில்தான் ஏழாம் படத்துக்கான கோப்பைத் திறந்தேன். ஐந்து வயதுப் பெண். ஸ்கேன் எடுத்த மறுமாதம் இறந்திருந்தாள். என் எண்களை வளர்ச்சி அட்டவணையில் வைத்தேன். ஆறு, ஏழு, எட்டு வயதுக்குக் கச்சிதமாகப் பொருந்தின.

இந்த வருடம் அளந்துவிட்டு, முதல் வருட எண்ணையே எழுதிக் கொடுத்தேன்.

"இப்பதான் ஒழுங்கா அளந்திருக்க" என்றார்.

உண்மையான எண் என் கைப்பையில் இருக்கிறது. அவளுக்கு ஒன்பது முடிந்துவிட்டது.