அய்யாவுக்குப் பிடித்தது

"இதை யாரு இங்கன வச்சது?"

சேதுராமன் போட்ட சத்தத்தில், வாசலில் பந்தல் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தவர்கள்கூட உள்ளே எட்டிப் பார்த்தார்கள்.

அய்யாவின் படத்துக்கு முன்னால் தலைவாழை இலை. பதினாறாம் நாள் படையல். செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் வைப்பது வழக்கம். கேப்பைக் களி, கருவாட்டுக் குழம்பு, மொச்சை. "அய்யாவுக்கு டீன்னா உசுரு" என்று சேதுராமனே தன் கையால் வைத்த ஒரு கிளாஸ் டீ.

டீ கிளாஸை ஒட்டி ஒரு பிராந்தி பாட்டில். சீல் உடைக்காதது.

"எங்க அய்யா இந்தக் கருமத்தை மோந்து பார்த்ததுகூட இல்ல. அவரு படையல்ல கொண்டாந்து வச்சு அசிங்கப்படுத்துறீகளா?"



சேதுராமனின் அப்பா மலையாண்டி அப்படிப்பட்டவர்தான். குடித்துவிட்டு ரோட்டில் விழுந்து கிடக்கிறவனைத் தூக்கி சைக்கிளில் உட்கார வைத்து, துண்டால் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டி, அவன் வீட்டில் இறக்கிவிட்ட பிறகுதான் தன் வீட்டுக்கு வருவார். கண்மாய்த் தண்ணீருக்காக இரண்டு தெருவும் அரிவாளைத் தூக்கியபோது, "வெட்டுறவன் என்னைய வெட்டிட்டுத் தண்ணியத் தொறந்துக்க" என்று மடைமேல் போய்ப் படுத்துக்கொண்டவர். அய்யாவைப் பற்றிப் பேசினால் ராமநாதபுரத்து ஆபீஸில் சேதுராமனுக்கு நேரம் போவதே தெரியாது.

"சொல்லப் போறீகளா இல்லையா?"

"நாந்தேன் மாப்ள வச்சேன்."

கூட்டத்தை விலக்கிக்கொண்டு முனியசாமி வந்தான். காலையிலேயே கொஞ்சம் ஏற்றியிருந்தான். அய்யாவின் சைக்கிளில் அதிகமாகப் போனவன் அவன்தான்.

"ஏன் வச்ச?"

"சும்மாதேன். கிறுக்கு. போதையில வச்சுட்டேன்."

சேதுராமன் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான். பட்டன் தெறித்து இலையில் விழுந்தது.

"எத்தனை தடவ உன்னைய ரோட்டுலருந்து அள்ளிட்டு வந்திருப்பாரு. நன்றி கெட்ட நாயே, வெளிய போ! இந்த வாசப்படிய இனிமே மிதிக்கப்படாது."

"சரி மாப்ள. போயிர்றேன். நீ கோவப்படாத."

முனியசாமி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுத் திரும்பினான்.

"ஏலே முனியசாமி, நில்லு."

அடுப்படியிலிருந்து பூமயில் அத்தை வந்தாள். அய்யாவின் அக்கா. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"அவன் எங்க வச்சான்? அவங் கையில கெடைச்சா சீல் உடைக்காமயா இருக்கும்? நாந்தேன் வச்சேன்."

"அக்கா, பேசாம இரு" என்றான் முனியசாமி அவசரமாக. டீக்கடை கபீரும் "வேணாம் அக்கா" என்றார்.

"வாங்கடா வாங்க. செத்தவனுக்குக் குடுத்த வாக்குக்கு உசுரோட இருக்கவன் அடி வாங்கணுமா?"

சேதுராமனுக்கு ஒன்றும் புரியவில்லை. "நீங்களா? இது எங்குட்டு கெடைச்சுச்சு உங்களுக்கு?"

"சாயல்குடி கடையில வரிசையில நின்னு வாங்குனேன். பயலுக வழி விட்டானுக. உங்கய்யன் குடிச்சது பனங்கள்ளு. இப்ப அதை யாரு எறக்குறா? இதுதேன் இருக்குன்னான் கடைக்காரன்."

"அய்யா குடிச்சாரா?"

"குடிச்சானா? அப்ப இருந்த உங்கய்யன் பக்கத்துல இந்த முனியசாமிய நிறுத்தினா, இவன் சாமியாரு."

யாரோ சிரிப்பை அடக்கினார்கள்.

"நீ நடை பழகுற நேரம்டா. ஒரு எட்டு வைப்ப, தள்ளாடுவ, விழுவ. பச்சப்புள்ளைக பூராம் அப்படித்தேன் நடக்கும். இந்தத் தெருவே கூடி நின்னு, 'பாரு, அப்படியே அய்யனக் கொண்டு பொறந்திருக்கு நடை'ன்னு சிரிச்சுச்சு. நானுந்தேன் சிரிச்சேன். அவன் மட்டும் சிரிக்கல. அன்னிக்கி விட்டவன்தேன்."

சேதுராமன் முனியசாமியைப் பார்த்தான். அவன் தரையைப் பார்த்தான்.

"வீடு வீடாப் போயி எல்லார்கிட்டயும் ஒண்ணே ஒண்ணு கேட்டான். எம் மகன்கிட்ட மட்டும் சொல்லிறாதீகன்னு. சண்டை சச்சரவுல, குடிவெறியில, ஒருத்தன் வாயில வந்துச்சா? நீ கேட்டிருக்கியா?"

சேதுராமன் கேட்டதில்லை. வாசலிலும் திண்ணையோரமும் நின்ற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். அவன் பள்ளிக்கூடம் போனபோதும், வேலைக்குப் போனபோதும், கல்யாணத்தின்போதும் கூடி நின்ற அதே முகங்கள். அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது.

"சரி அத்தை" என்றான் மெதுவாக. "விட்டுட்டாருல்ல? மறந்துட்டாருல்ல? பெறகு எதுக்கு இதை வைக்கிறீக?"

"மறந்தானா? கபீரு, சொல்லு."

கபீர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"பொழுது சாயற நேரம் வந்து உக்காருவாரு தம்பி. ஒரு டீ முடிஞ்சா இன்னொண்ணு. டீ குடிக்கிற ஆசை இல்ல அது. இருட்டுனதுக்கப்புறம் எந்திரிச்சு, 'இன்னைக்குத் தாண்டியாச்சு கபீரு'ம்பாரு. கடைசியா கடைக்கு வந்த அன்னைக்கும் அதைத்தேன் சொன்னாரு."

அத்தை படத்தைப் பார்த்தபடி சொன்னாள்:

"இருந்தவரைக்கும் உனக்காக நாக்கைக் கட்டிக்கிட்டுக் கெடந்தான். போன எடத்துலயாவது ஒரு வாய் நனைச்சுக்கிறட்டும்னு வச்சேன். வேணாம்னா எடுத்து எறிஞ்சிரு."



சேதுராமன் இலைக்கு முன்னால் உட்கார்ந்தான். மொச்சையில் கிடந்த பட்டனை எடுத்து முனியசாமியிடம் நீட்டினான்.

"சூடத்தைப் பொருத்துங்க மாமா."

முனியசாமி குனிந்து தீக்குச்சியைக் கிழித்தான். எல்லாரும் கும்பிட்டுக் கண்ணை மூடினார்கள்.

சேதுராமன் பாட்டிலை எடுத்து, சத்தம் வராமல் மூடியைத் திருகித் திறந்து, அய்யாவின் பக்கமாக நகர்த்தி வைத்தான்.