ஏழு தடவை விழுந்த கரடி

"அண்ணே, கரடி ஆடணும். உருளக் கூடாது."

"கரடின்னா கொஞ்சம் உருளும்ல தம்பி," என்றபடி தரையிலிருந்து எழுந்தார் டிரைவர்.

புரோகிராமருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இது நாலாவது தடவை.

கண்ணை மறைக்கும் ஹெட்செட்டை மாட்டினால் காட்டுக்குள் நிற்கலாம். எதிரே ஒரு கரடியும் ஒரு முயலும் ஜோடி போட்டு ஆடும். அப்படியொரு விளையாட்டைத்தான் அவன் செய்துகொண்டிருந்தான். ஆட்டம் அசலாக இருக்க வேண்டுமே. அதற்காக இரண்டு பேருக்கு உடம்போடு ஒட்டிய கறுப்பு உடுப்பை மாட்டி, மேலெல்லாம் வெள்ளை உருண்டைகளை ஒட்டியிருந்தான். சுற்றியிருக்கும் கேமராக்கள் உருண்டைகளின் அசைவைப் பிடித்து, திரையில் மிருகங்களை அப்படியே ஆட்டிவைக்கும்.

தொப்பைக்காகவே கம்பெனி டிரைவரைக் கரடியாக்கியிருந்தார் மேனேஜர். முயலுக்குப் புதிதாக ஒரு பெண். இன்று ஒரு நாள் பார்த்துவிட்டுத்தான் அவளுக்கு வேலை.

"தரை வழுக்குது தம்பி."

"தரையில என்ன இருக்கு?"

"ஒண்ணுமே இல்ல. அதான் வழுக்குது."

கேமராக்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

ஐந்தாவது தடவையும் தொப். ஆறாவதில் தொப்பையிலிருந்த உருண்டை தெறித்துப் போக, திரையில் கரடியின் வயிறு மட்டும் தனியாகக் கிளம்பி மரத்துக்கு மேலே பறந்தது.

ஏழாவதுக்கு மேனேஜரே ஹெட்செட்டோடு வந்து நின்றார். ஆளுயரக் கரடி தன் மேல் சாய்வதைக் கண்டவர், பின்னால் ஒரே துள்ளாகத் துள்ளிக் குப்பைக்கூடைக்குள் உட்கார்ந்துவிட்டார். இரண்டு பேர் பிடித்து இழுத்துத்தான் வெளியே எடுக்க வேண்டியிருந்தது.

"முயல் பரவாயில்ல, நாளையிலேர்ந்து வரட்டும். கரடியை மாத்து," என்றார் பின்பக்கத்தைத் தடவியபடி. "எத்தனை தடவை விழுந்தாருன்னு எழுதி அனுப்பு."

எழுதுவதற்காகப் பதிவை ஓட்டினான். அதில் முகமும் கிடையாது, தொப்பையும் கிடையாது. இரண்டு குச்சி உருவங்கள்தான்.

ஓட்டியவன் நிறுத்தினான். பின்னுக்கு இழுத்து, மெதுவாக ஓட்டினான். பிறகு ஏழையும் ஒவ்வொன்றாகப் பார்த்தான்.

ஏழிலும் முதலில் இடறியது முயலின் கால். அந்தப் பெண்ணுக்கு உடம்பெல்லாம் நடுக்கம். கரடி சட்டென்று தலையைத் திருப்பி அதைப் பார்க்கிறது. அப்புறம் எதிலும் தடுக்காமல், எதிலும் வழுக்காமல், தானாக முழங்காலை மடக்கித் தொப்பென்று விழுகிறது. சத்தம் வந்த பக்கம்தானே எல்லார் கண்ணும் போகும்.

புரோகிராமர் ஏழு பதிவுகளையும் அழித்தான். மேனேஜருக்கு எழுதினான்:

"ஏழு தடவையும் விழுந்தது என் புரோகிராம்தான் சார். கரடி இருக்கட்டும்."