பதினான்கு, மேலிருந்து கீழ்

இருநூற்றுப் பதினோராவது அஞ்சலட்டையையும் கவிழ்த்து வைத்தார்.

அதுவும் தவறு.

தவறு என்று எந்த வாயால் சொல்வது? சரியான விடை எதுவென்று அவருக்கே தெரியாது.

பதினான்கு, மேலிருந்து கீழ். நான்கு கட்டம். 'இனி வீட்டில் இல்லாதது.'

குறிப்பு அவர் எழுதியதுதான். இருபத்திரண்டு வருடமாக வாரப் பத்திரிகைக்குக் குறுக்கெழுத்துப் போட்டி அமைத்துக் கொடுக்கிறார். மனைவி கோமளவல்லியின் பத்தாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் அடுத்த போட்டியை அனுப்ப வேண்டியிருந்தது. மூலையில் நான்கு கட்டம் மட்டும் நிரம்பவில்லை. கை தானாக ஒரு குறிப்பை எழுதியது. விடையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று உறையில் போட்டு ஒட்டிவிட்டார்.

பிறகு பார்க்கவில்லை. மறந்தே போனார்.

அவள் இருந்திருந்தால் இது நடந்திருக்காது. எந்தப் போட்டியும் முதலில் அவளிடம்தான் போகும். கிழித்த நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் போட்டுப் பார்ப்பாள். மனைவிக்கு வராத விடை வாசகர்களுக்கும் வராது என்பது அவர் கட்சி. பேசாமல் குறிப்பை மாற்றிவிடுவார்.

இந்த முறை போட்டுப் பார்க்க ஆளில்லை.

காலையில் உதவி ஆசிரியர் ஞானசேகர் போன் செய்தார். நாலு மணிக்குள் விடைகள் வேண்டும், பக்கம் அதற்காகத்தான் நிற்கிறது என்றார். அனுப்புகிறேன் என்று இவரும் சொல்லிவிட்டார். எதை அனுப்புவது?

மேசையில் ஒரு கடிதம் எழுதி வைத்திருந்தார். விடையில்லாத கேள்வியைக் கேட்டுவிட்டேன், மன்னிக்கவும், இனி என்னால் முடியாது. கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

வாசகர்கள் என்னென்னவோ எழுதியிருந்தார்கள். 'இதயம்' என்றவர்களே அதிகம். மூன்றாவது கட்டத்தில் குறுக்கே போகும் 'குமரி' என்ற விடையின் 'ம' அதற்கு இடம் கொடுக்கவில்லை. ஒருவர் கட்டத்தை எண்ணாமல் 'அரிசி' என்று எழுதி, பத்திரிகையையும் திட்டியிருந்தார். நிறையப் பேர் காலியாக விட்டிருந்தார்கள்.

இன்னும் ஒரே ஒரு அட்டை.

பென்சிலால் எழுதி, அழித்து, எழுதியிருந்தது. அட்டை அந்த இடத்தில் நைந்திருந்தது.

இருமல்.

அவர் கட்டங்களை விரலால் தொட்டு எண்ணினார். நான்கு. குறுக்கே வரும் 'இறகு' என்ற விடையின் 'இ' முதல் கட்டத்தில். குமரியின் 'ம' மூன்றாவதில். இடிக்கவில்லை.

மறுபடியும் எண்ணினார்.



மூன்று வருடம் இந்த வீடு முழுக்க அவள் இருமல். அது எந்த அறையிலிருந்து வருகிறதோ அங்கே வெந்நீர் கொண்டுபோவார். ஒரு மாதமாகக் காதில் என்னவோ அடைத்தது போலிருந்தது. காது டாக்டரிடம் போகலாமா என்றுகூட யோசித்திருந்தார்.

இதுதானா?

இருபத்திரண்டு வருடத்தில் எத்தனையோ கெட்டிக்காரர்களைப் பார்த்திருக்கிறார். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. தான் கேட்டது என்னவென்று தனக்கே தெரியாதபோது, முகம் தெரியாத ஒருவருக்கு எப்படித் தெரிந்தது? பிரமிப்பில் எழுந்து நின்றுவிட்டார்.

பெயரைப் பார்த்தார். செ. அந்தோணியம்மாள், வள்ளியூர்.

கீழே பொடி எழுத்தில் நாலு வரி இருந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார்.

'ஐயா, 14க்கு நாலு நாளா அழிச்சி அழிச்சி எழுதினேன். எங்க வீட்டுக்காரருக்கு ஆறு மாச டிபி மாத்திரை முடிஞ்சிட்டு. நேத்து ராத்திரி வீட்ல சத்தமே இல்ல. அப்பதான் விடை வந்துது. உங்க வீட்ல யாருக்கு ஐயா சரியாச்சு?'

கடைசி வரியை அவரால் தாண்ட முடியவில்லை.

 வீடு சத்தமில்லாமல் இருந்தது. முதல் தடவையாக அதைக் காதுகொடுத்துக் கேட்டார்.

மூன்றே முக்காலுக்கு ஞானசேகரைக் கூப்பிட்டுப் பதினான்குக்கும் சேர்த்து விடைகளைச் சொன்னார். கையெழுத்துப் போடாத கடிதத்தைக் கிழித்தார்.

பிறகு மேசை இழுப்பறையிலிருந்து புது அஞ்சலட்டை ஒன்றை எடுத்து, வள்ளியூர் விலாசத்தை நிதானமாக எழுதினார்.

திருப்பி, மறுபக்கத்தில் ஒரே வரி.

'என் மனைவிக்கு, அம்மா.'